டைமிங் செயின்: வீட்டு ஷெட்டில் மாற்றலாமா, ஒர்க்‌ஷாப்பில் கொடுக்க வேண்டுமா?

காலையில் முதல் செல்ஃப் அடித்ததும் தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குவது மாதிரி ஒரு சத்தம். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டையும் இணைக்கும் டைமிங் செயின் தேய்ந்தால் வரும் சத்தம் இது. ஆரம்பத்தில் இரண்டு வினாடியில் நின்றுவிடும். நாள் போகப் போக ஐந்து வினாடி, பத்து வினாடி என்று நீளும். பிறகு எஞ்சின் சூடான பின்னும் 1,500, 2,000 ஆர்பிஎம் பக்கத்தில் உரசல் கேட்கத் தொடங்கும். பத்து வருடம் ஓடிய சொகுசு எஸ்யூவி ஒன்றை மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ வைத்திருக்கிறவருக்கு அந்த இடத்தில் நாலு வழி இருக்கிறது: வீட்டு ஷெட்டில் தானே பிரிப்பது, உள்ளூர் ஒர்க்‌ஷாப், திருவனந்தபுரத்துக்கு ஏற்றி அனுப்பி கம்பெனி சர்வீஸ் சென்டரில் விடுவது, அல்லது பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி மாற்றிவிடுவது.

எது மலிவு என்று கணக்குப் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. செயின் எஞ்சினின் எந்தப் பக்கம் இருக்கிறது? ரேடியேட்டர் பக்கமா, கியர்பாக்ஸ் பக்கமா? பாதி முடிவு இந்தப் பதிலிலேயே வந்துவிடும்.

முன்பக்கச் செயின், பின்பக்கச் செயின்

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது செயின்தானா என்று உறுதி செய்யுங்கள். ஆடி க்யூ3, க்யூ5 வண்டிகளின் 2.0 டிடிஐ டீசல் எஞ்சினில் இருப்பது பெல்ட். வால்வோ எக்ஸ்சி90 டி5, பழைய ரேஞ்ச் ரோவர் இவோக் 2.2 டீசல் இரண்டும் பெல்ட். லேண்ட்ரோவர் 3.0 டிடிவி6 எஞ்சினுக்கும் பெல்ட்தான். அதில் டீசல் பம்ப்புக்கென்று பின்னால் இன்னொரு சின்ன பெல்ட்டும் உண்டு. இவற்றில் டைமிங் செயின் சத்தம் என்று யாராவது சொன்னால் அவர் பெரும்பாலும் வேறு எதையோ கேட்டிருக்கிறார்.

முன்பக்கம் செயின் உள்ளவை: ஆடி க்யூ5 2.0 டிஎஃப்எஸ்ஐ பெட்ரோல், என்20 எஞ்சின் வைத்த பிஎம்டபிள்யூ எக்ஸ்3 28ஐ, மெர்சிடஸ் எம்எல் 350 சிடிஐ (ஓஎம்642), ரேஞ்ச் ரோவர் 5.0 வி8.

பின்பக்கம், அதாவது கியர்பாக்ஸை ஒட்டிய ஃப்ளைவீல் பக்கம் செயின் உள்ளவை: பிஎம்டபிள்யூ எக்ஸ்1, எக்ஸ்3 20டி வண்டிகளின் என்47 எஞ்சின், அதன் பின் வந்த பி47, எக்ஸ்5 30டி-யின் என்57, ஆடி க்யூ5, க்யூ7 வண்டிகளின் 3.0 டிடிஐ, மெர்சிடஸ் எம்எல் 250 சிடிஐ-யின் ஓஎம்651, டிஸ்கவரி ஸ்போர்ட்டின் 2.0 இன்ஜீனியம் டீசல்.

கிராங்க் ஷாஃப்ட்டின் முறுக்கு அதிர்வு ஃப்ளைவீல் பக்கம் குறைவு. எஞ்சினின் முன்முனையையும் தாழ்வாக வைக்க முடியும். வடிவமைத்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டில் லாபம் இருக்கிறது. வேலை செய்கிறவர் ஒரு செயினைப் பார்க்க கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்பதுதான் அதற்கான விலை.

பின்பக்க வகைக்கு வீட்டு ஷெட் வேண்டாம் என்பதே எங்கள் முடிவு. இந்த வண்டிகளின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்பது கிலோ பக்கம் வரும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் அதற்குப் பின்னால் நாலு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதையும் தொடுவதற்கு முன்பே கழற்ற வேண்டிய புரொபெல்லர் ஷாஃப்ட். என்47-இல் செயின் மூடியின் அடிப்பாகம் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்போடும் மேல்பாகம் ஹெட் கேஸ்கெட்டோடும் சேர்ந்து சீல் ஆகிறது. ஆகவே சம்ப்பையும் இறக்க வேண்டும். அதற்கு முன் ஆக்ஸில் சப்ஃபிரேமைத் தாழ்த்த வேண்டும். இரண்டு தூண் லிஃப்டும் கியர்பாக்ஸ் ஜாக்கும் இல்லாமல், தரையில் படுத்துக்கொண்டு இதைச் செய்வது உயிரோடு விளையாடுவது. டைல்ஸ் போட்ட போர்டிகோவிலும் இன்டர்லாக் கல் பதித்த முற்றத்திலும் ஸ்டாண்டு நழுவும், கல் அமுங்கும். இரண்டு டன் வண்டி அது.

என்47 எஞ்சினில் இன்னொரு வம்பும் உண்டு. ஆரம்ப கால எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்ட்டின் பல்சக்கரம் தனிப் பாகமாக இல்லை. ஷாஃப்ட்டோடு ஒன்றாகவே செய்தது. அந்தப் பல் தேய்ந்திருந்தால் புதுச் செயின் போட்டும் பயனில்லை. தேய்ந்த பல்லில் ஓடும் புதுச் செயின் சீக்கிரமே பழைய செயின் மாதிரி சத்தம் போடும். பிரித்தபின் கிராங்க் பல்லை டார்ச் அடித்துப் பார்த்து, பல்லின் ஒரு பக்கம் கொக்கி மாதிரி வளைந்திருக்கிறதா என்று சொல்லத் தெரிந்தவர் கையில்தான் இந்த எஞ்சின் போக வேண்டும்.

சத்தம் செயினுடையதுதானா?

பிரிக்கும் முன் இரண்டு நாள் இதற்குச் செலவிடுங்கள். செயின் இழுத்துவிட்டது என்கிறோம். உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள பின்னும் புஷ்ஷும் தேய்கின்றன. ஒரு கண்ணிக்கு மயிரிழை தேய்மானம், மொத்தச் செயினுக்கு மில்லிமீட்டர் கணக்கில் சேர்கிறது. டென்ஷனர் அந்தத் தளர்வை எடுத்துக்கொண்டே வரும். அதன் நீளம் தீர்ந்ததும் செயின், தான் உரசி ஓடும் பிளாஸ்டிக் தடமான கைடில் அடிக்கத் தொடங்கும். டீசலில் ஆயிலில் சேரும் கரிதான் பின்னை அரைக்கிறது. ஆயில் மாற்றும் இடைவெளி நீள நீள அரைப்பும் கூடும்.

ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் நிரப்பிவிட்டு மறுநாள் காலையில் கேளுங்கள். நீள ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்தி, முன்னும் பின்னும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். முன்பக்கச் சத்தத்துக்கு ஃபேன் பெல்ட் புல்லி பேரிங் காரணமாக இருக்கலாம். பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில வினாடி மட்டும் ஓடவிட்டால் தெரிந்துவிடும். பின்பக்கச் சத்தத்துக்கு டூயல் மாஸ் ஃப்ளைவீல் காரணமாக இருக்கலாம். பின்பக்கச் செயின், ஃப்ளைவீல் இரண்டுக்கும் கியர்பாக்ஸ் இறக்க வேண்டும் என்றாலும் பாகம் வேறு, செலவு வேறு.

ஸ்கேனர் போட்டால் பி0016 என்ற பிழைக் குறியீடு (கோடு) வருகிறதா என்று பாருங்கள். கிராங்கும் கேமும் சொல்லும் நிலை பொருந்தவில்லை என்பது அதன் பொருள். சென்சார் வயர் கெட்டாலும் வரும், வேரியபிள் வால்வு டைமிங் வால்வு சிக்கினாலும் வரும். கோடு மட்டும் வைத்துச் செயின் என்று தீர்மானிக்காதீர்கள். கோடும் சத்தமும் சேர்ந்து வந்தால் சந்தேகம் பலமாகும்.

சாட்சிகளில் நம்பகமானது ஆயில் ஃபில்டர். அதைக் கழற்றி, காகித மடிப்புகளை அறுத்து, வெள்ளைத் துணியில் விரித்துப் பாருங்கள். மடிப்புக்குள் நகத்துண்டு அளவில் கருப்பு அல்லது பழுப்பு பிளாஸ்டிக் கிடந்தால் அது செயின் கைடு. பழுப்பு நிறத்தில், கையால் ஒடித்தால் பிஸ்கட் மாதிரி நொறுங்கினால் அந்தக் கைடு வெந்து போய்விட்டது என்று அர்த்தம். என்20 எஞ்சினில் முதலில் போவதே இந்த பிளாஸ்டிக்தான். இப்படி ஒரு துண்டு கிடைத்துவிட்டால் வண்டியை ஓட்டுவதை அன்றே நிறுத்துங்கள். மிச்சத் துண்டுகள் சம்ப்பில் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்தால் எஞ்சினே போய்விடும்.

செயின் ஏற்கெனவே பல் தாண்டிவிட்டால் கதை வேறு. இவை எல்லாம் வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும் எஞ்சின்கள். டைமிங் அவுட் ஆன எஞ்சினில் ஸ்டார்ட் ஆகிறதா பார்ப்போம் என்று ஒவ்வொரு முறை செல்ஃப் அடிக்கும்போதும் வால்வு வளையலாம். காற்றழுத்தக் கசிவுச் சோதனை செய்து, போரஸ்கோப் என்ற குழாய்க் கேமராவை விட்டுப் பிஸ்டன் தலையில் வால்வு அடித்த பிறைத் தழும்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் செலவைப் பேச முடியும். தழும்பு இருந்தால் ஹெட் இறங்க வேண்டும். வீட்டு வேலை என்ற பேச்சு அங்கே முடிந்தது.

வீட்டில் செய்யக்கூடியது எது?

முன்பக்கச் செயின், நாலு சிலிண்டர், இன்னும் பல் தாண்டாத எஞ்சின். ஹெட் இறக்கி ஏற்றிய பழக்கம் உள்ளவர், பக்கத்தில் ஒரு துணை ஆள், கூரை போட்டு மூன்று பக்கம் அடைத்த ஷெட். இவ்வளவும் இருந்தால் வீட்டில் செய்யலாம். க்யூ5 2.0 டிஎஃப்எஸ்ஐ-யை எடுத்துக்கொள்வோம். அதன் பழைய டென்ஷனரில் எஞ்சின் நின்ற பிறகு பின்வாங்காமல் பிடித்து வைக்க வேண்டிய பூட்டுப் பல் பலவீனமானது. அது விட்டுவிட்டால் அடுத்த செல்ஃபில் செயின் தளர்ந்து பல் தாண்டும். முன்கூட்டிச் சத்தம் எதுவும் காட்டாமலேயே நடந்துவிடும் என்பதால் இதில் தள்ளிப்போடுவது ஆபத்து. பிறகு வந்த எஞ்சின்களில் திருத்திய டென்ஷனர் உண்டு.

மாதத்தைப் பார்த்து ஆரம்பியுங்கள். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் வரும். ஜூன் தொடங்கி டிசம்பர் வரை திறந்த எஞ்சினுக்கு நல்ல காலம் இல்லை. தை, மாசி, பங்குனிதான் வசதி. மழையைவிட காற்றைக் கவனிக்க வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை ஆரல்வாய்மொழி, தோவாளைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடலோரத்தில் மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கம் காற்றில் வரும் மணலில் கார்னெட் கலந்திருக்கிறது. உப்புத்தாள் செய்யப் பயன்படும் அதே கல். அது ஒரு சிட்டிகை கேம் பேரிங்கில் விழுந்தால் புதுச் செயின் போட்டதன் பலன் போயிற்று. திறந்த எஞ்சினைப் பஞ்சு உதிராத துணியால் மூடி, அதன்மேல் பாலித்தீன் கட்டுங்கள். பனியன் வேஸ்ட்டை எஞ்சின் உள்ளே விடவே கூடாது. அதன் நூல் ஆயில் துவாரத்தில் போய் அடைக்கும்.

கடலோர வண்டிகளில் அடித்தட்டு போல்ட், பிராக்கெட் போல்ட் எல்லாம் உப்பில் பிடித்திருக்கும். அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட் அரித்து ஒட்டியிருந்தால் வேகத்தில் திருகும்போது ஒடியும். இரண்டு நாள் முன்பே துருநீக்கி எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். ஒடிந்தால் டிரில் எடுக்காதீர்கள். லேத் வேலையில் கைதேர்ந்தவரை வீட்டுக்கு அழைத்துவருவது மேல்.

பாகங்கள்: டைமிங் செயின், டென்ஷனர், எல்லாக் கைடுகளும், அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் செயினும் அதன் டென்ஷனரும், கிராங்க் முன் ஆயில் சீல், கிராங்க் புல்லி போல்ட், கீழ் மூடியும் அதன் போல்ட்டுகளும், மேல் மூடி கேஸ்கெட், கம்பெனி சொல்லும் சிலிக்கான் சீலன்ட், ஆயில் ஃபில்டர், கூலன்ட். கூடவே நாலரை லிட்டர் பக்கம் ஆயில். விடபிள்யூ 502 00 அல்லது 504 00 தரம் என்று டப்பாவில் இருக்க வேண்டும். கீழ் மூடி மெல்லிய தகடு. நெம்பி எடுக்கும்போது வளைந்துவிடும், வளைந்ததைத் திரும்பப் போட்டால் ஆயில் ஒழுகும். அதனால்தான் புதியது. எல்லாவற்றையும் 17 எழுத்துச் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து வாங்குங்கள். ஒரே வருடத்து வண்டியிலும் டென்ஷனர் இரண்டு விதம் உண்டு. பாகம் முழுக்கக் கைக்கு வந்து, பழையதன் படத்தோடு ஒப்பிட்ட பிறகே முதல் போல்ட்டைக் கழற்றுங்கள். ஒரு கேஸ்கெட்டுக்காக வண்டி இரண்டு வாரம் ஸ்டாண்டில் நிற்பதுதான் வீட்டு வேலையில் அடிக்கடி நடப்பது.

கருவிகள்: கிராங்கையும் கேமையும் சரியான நிலையில் பூட்டிவைக்க அந்த எஞ்சினுக்கான லாக்கிங் செட், டார்க் ரெஞ்ச், கோணம் அளக்கும் டயல், ஸ்ப்ளைன் பிட்டுகள், வெளி டார்க்ஸ் சாக்கெட்டுகள், எஞ்சினை மேலிருந்து தாங்கும் குறுக்குச் சட்டம், மூன்று டன் ஸ்டாண்டு. ஸ்டாண்டுக்கு அடியில் 18 மில்லிமீட்டர் பிளைவுட். லாக்கிங் செட் இல்லாமல் பெயின்ட் அடையாளம் வைத்து மாற்றலாம் என்று சொல்பவர்கள் உண்டு. பழைய செயின் தேய்ந்து கேம் ஏற்கெனவே சில டிகிரி பின்தங்கி நிற்கும்போது வைக்கும் பெயின்ட் அடையாளம் அந்தப் பிழையைத்தான் படியெடுக்கும்.

வேலை இந்த வரிசையில் போகும். பேட்டரி கழற்றி, கூலன்ட்டும் ஆயிலும் வடித்து, பம்பரை எடுத்து, ரேடியேட்டரைத் தாங்கும் முன்சட்டத்தைச் சர்வீஸ் நிலைக்கு முன்னே நகர்த்துங்கள். வடித்த கூலன்ட்டை மூடிய கேனில் வையுங்கள். அது இனிக்கும், நாயும் ஆடும் குடித்தால் செத்துப்போகும். பெல்ட், பெல்ட் டென்ஷனர் எடுத்து, கிராங்கைக் கையால் ஓடும் திசையிலேயே திருப்பி முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேல்நிலைக்குக் கொண்டுவாருங்கள். எதிர்த்திசையில் திருப்பக் கூடாது. தளர்வு டென்ஷனர் இல்லாத பக்கம் போய் செயின் தாண்டிவிடும்.

மேல் மூடியை எடுத்ததும் இன்டேக் கேமின் நுனியில் ஆயில் கன்ட்ரோல் வால்வு தெரியும். அதன் மரை இடது மரை. வழக்கம்போல இடப்பக்கம் திருகினால் கழலாது, இறுகும். இன்னும் பலம் கொடுத்தால் தலை உடைந்து கேம் நுனிக்குள் நிற்கும். அதற்கென்று உள்ள சாக்கெட்டைப் போட்டு, வலப்பக்கம் திருகிக் கழற்றுங்கள். இந்த ஒரு இடத்துக்கு ஒரு டேப் துண்டில் அம்புக்குறி போட்டு ஒட்டிவைப்பது நல்லது. வேலை முடித்துத் திரும்பப் போடும்போதும் இதே தவறு நடக்கும்.

கிராங்க் புல்லி போல்ட்டைக் கழற்ற புல்லியைப் பிடிக்கும் தனிப் பிடி உண்டு. லாக் பின்னை நம்பி இழுக்கக் கூடாது. லாக் பின் நிலையைக் காட்ட மட்டுமே. பலத்தைத் தாங்க அல்ல. அது வளைந்தால் டைமிங்கும் வளைந்தது. இம்பாக்ட் கன் இந்த வேலை முடியும்வரை பெட்டியிலேயே இருக்கட்டும். புல்லி வந்த பிறகு கிராங்க் பல்சக்கரத்தை இறுக்கிப் பிடிக்க எதுவும் இருக்காது. அது நழுவாமல் இருக்க, அதற்கான புஷ்ஷை வைத்து போல்ட்டைக் கையால் மாட்டிவையுங்கள். என்20 எஞ்சினிலோ கிராங்க் பல்சக்கரம் வெறும் உராய்வில்தான் நிற்கிறது, அதை நழுவாமல் பிடிக்கும் சாவிக்கட்டை கிடையாது. அந்த நடு போல்ட்டைத் தளர்த்திய கணமே டைமிங் போனது என்று எடுத்துக்கொண்டு, லாக் போட்ட பின்பே தொட வேண்டும்.

புதுச் செயினில் நிறம் பூசிய கண்ணிகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு பல்சக்கரத்தின் அடையாளத்துக்கு நேராக உட்கார வேண்டும். உட்கார்ந்ததை மூன்று கோணத்தில் போட்டோ எடுங்கள். பேலன்ஸ் ஷாஃப்ட் செயினுக்கும் தனி நிறக் கண்ணிகள் உண்டு. அதைப் பிசகிப் போட்டால் எஞ்சின் ஓடும், ஆனால் ஸ்டீயரிங் வரை நடுங்கும். டென்ஷனரின் பூட்டுக் கம்பியை எல்லாம் மாட்டிய பிறகு உருவுங்கள். முன்பே உருவினாலும் தவறு, உருவ மறந்து மூடினாலும் தவறு.

அடுத்ததுதான் இந்த வேலையின் உயிர்நாடி. லாக்குகளை எல்லாம் எடுத்துவிட்டு, ஸ்பேனரால் கையோடு கிராங்கை முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். நடுவில் கல்லில் இடித்தது மாதிரி நின்றால் நிறுத்துங்கள்; வால்வு பிஸ்டனைத் தொடுகிறது. தடையில்லாமல் இரண்டு சுற்று முடிந்தால் லாக்கிங் கருவிகள் மீண்டும் விரலால் தள்ளியே உட்கார வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் ஒரு பல் தவறு. இந்த நேரத்தில் நிறக் கண்ணிகள் அடையாளத்துக்கு நேராக இல்லையே என்று பதறிப் பிரிப்பவர்கள் உண்டு. செயினின் கண்ணி எண்ணிக்கையும் சக்கரத்தின் பல் எண்ணிக்கையும் வேறு என்பதால் நிறக் கண்ணிகள் மறுபடி நேராக வரப் பல சுற்று ஆகும். லாக் உட்கார்ந்ததா என்பதுதான் கணக்கு.

மூடியைப் போடும்போது பழைய சிலிக்கானை பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால் முழுதும் எடுத்து, பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. துகள் உள்ளே போகும். சிலிக்கான் காற்றில் உள்ள ஈரத்தால்தான் உறையும். நம் ஊர்ப் புழுக்கத்தில் டியூப்பில் எழுதியிருக்கும் நேரத்துக்கு முன்பே மேல்தோல் கட்டிவிடும். போல்ட்டுகளை வரிசையாக எடுத்துவைத்துக்கொண்டு, சீலன்ட் போட்ட சில நிமிடத்தில் மூடியை உட்கார்த்துங்கள். சீலன்ட் இழை மெல்லியதாக இருக்கட்டும். தடிப்பாகப் போட்டால் உள்பக்கம் பிதுங்கும் புழு ஒருநாள் அறுந்து ஆயில் சல்லடைக்குப் போகும்.

கிராங்க் புல்லி போல்ட் இந்த எஞ்சினில் 150 நியூட்டன் மீட்டர், அதன்பின் 90 டிகிரி. நீண்டு பிடிக்கும் வகை போல்ட் இது, ஒருமுறைதான் பயன்படும். பழையதையே போட்டால் பிடிப்பு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. கழற்றிய போல்ட், கிளிப் எல்லாவற்றையும் அட்டையில் படம் வரைந்து அதனதன் இடத்தில் குத்திவைத்திருந்தால், முடிவில் ஒன்று குறைவதும் தெரியும். குறைந்த அந்தப் போல்ட் கிடைக்கும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன் பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஐந்து பத்து வினாடியாகச் செல்ஃப் அடியுங்கள். டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. அதற்கு ஆயில் போய்ச் சேர வேண்டும். கைதேர்ந்தவருக்கு முழு வேலையும் மூன்று நாள். முதல்முறை செய்கிறவர் பத்து நாள் ஒதுக்குங்கள்.

கண்ணி அறுத்து உருட்டுவது

மெர்சிடஸ் ஓஎம்642 போன்றவற்றில் மூடியைப் பிரிக்காமலே செயின் மாற்ற ஒரு வழி உண்டு. மேலே வால்வு கவரை எடுத்து, பழைய செயினில் ஒரு கண்ணியின் ரிவெட்டை அரைத்துப் பிரித்து, அந்த முனையில் புதுச் செயினைத் தற்காலிகக் கண்ணியால் கோத்து, கிராங்கை மெதுவாகச் சுற்றிப் பழையதை வெளியே இழுத்துப் புதியதை உள்ளே விடுவது. கடைசியில் ரிவெட் கருவியால் புதுக் கண்ணியை அழுத்தி மூடுவது. கிணற்றுக் கயிறு மாற்றுவது போலத்தான். இன்ஜெக்டர்களோ குளோ பிளக்குகளோ வெளியே இருந்தால் கம்பிரஷன் எதிர்க்காது, கை நிதானமாகச் சுற்றும்.

நேரமும் செலவும் பாதிக்குப் பாதி குறையும் என்பதால் பலரும் ஆசைப்படுகிறார்கள். ஆனால் இதில் கைடு எதுவும் மாறாது. கைடு உடைந்த துண்டு ஃபில்டரில் கிடைத்திருந்தால் இந்த வழியை நினைக்கவே வேண்டாம். கைடு நன்றாக இருந்து, செயின் மட்டும் தேய்ந்திருந்தால் நல்ல வழிதான், டென்ஷனரையும் சேர்த்து மாற்ற வேண்டும். அரைக்கும்போது விழும் இரும்புத்தூள் ஒரு துகள்கூட உள்ளே போகாமல் கிரீஸ் தடவிய துணியால் சுற்றிலும் அடைப்பதும், உருட்டும்போது இரண்டு முனையிலும் தளர்வு விழாமல் ஒருவர் பிடித்துக்கொண்டே வருவதும் கட்டாயம். கீழே கண்ணுக்குத் தெரியாத கிராங்க் பல்லில் செயின் ஒரு பல் தாண்டினாலும் மேலே தெரியாது. ரிவெட் கருவி இல்லாமல் சுத்தியலால் அடித்து மூடிய கண்ணி அறுந்தால் எஞ்சின் மிஞ்சாது. கருவி கிடைக்காத இடத்தில் இந்த வேலையை எடுக்காதீர்கள்.

என்47-இலும் மேல் செயினை மட்டும் இப்படி அறுத்துக் கோத்துத் தரும் ஒர்க்‌ஷாப்புகள் உண்டு. அந்த எஞ்சினில் கிராங்கிலிருந்து டீசல் பம்ப்புக்கு ஒரு செயின், பம்ப்பிலிருந்து கேமுக்கு இன்னொரு செயின். தேய்மானத்துக்குப் பேர்போனது கிராங்க் பக்கம். மேலே மட்டும் மாற்றினால் சத்தம் கொஞ்ச நாள் அடங்கும், ஆபத்து அங்கேயே இருக்கும். அந்தப் பணத்தைச் சேர்த்துவைத்து முழு வேலையாகச் செய்யுங்கள்.

ஒர்க்‌ஷாப், சர்வீஸ் சென்டர், பழைய எஞ்சின்

பின்பக்கச் செயினுக்கு எங்கள் முதல் தேர்வு, லிஃப்ட் வைத்திருக்கும் தனி ஒர்க்‌ஷாப். நாகர்கோவில், மார்த்தாண்டம், திருவனந்தபுரம் எதுவானாலும் ஊரை வைத்து முடிவு செய்யாதீர்கள், கேள்வியை வைத்து முடிவு செய்யுங்கள். இந்த எஞ்சின் கோடுக்கு லாக்கிங் செட் உங்களிடம் இருக்கிறதா, காட்டுவீர்களா? கியர்பாக்ஸ் இறக்கும்போது பின் கிராங்க் சீலையும் மாற்றுவீர்களா? பழைய செயின், கைடுகளைப் பெட்டியில் போட்டுத் திருப்பித் தருவீர்களா? இரண்டு சுற்றுச் சுற்றிய பின் லாக் உட்கார்ந்திருப்பதைப் போட்டோ எடுத்து அனுப்புவீர்களா? இந்த நாலுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்பவர் வேலை தெரிந்தவர். பாகத்தை நீங்களே சேஸிஸ் எண் கொடுத்து வாங்கிக் கொடுக்கலாம்; அப்போது பாகக் கோளாறுக்கு ஒர்க்‌ஷாப் பொறுப்பேற்காது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

சர்வீஸ் சென்டர் செலவு லட்சங்களில் போகும். பாகம், கூலி இரண்டுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. இருந்தாலும் மூன்று சந்தர்ப்பத்தில் அங்கே போவதே சரி: நீட்டித்த வாரண்டி உயிரோடு இருக்கும்போது, செயின் பல் தாண்டி ஹெட் வேலையும் சேரும்போது, கம்ப்யூட்டர் பெட்டியில் மாற்றி எழுத வேண்டிய வேலை வரும்போது. எந்த வழியில் போவதானாலும் முதலில் ஒரு போன் செய்து, சேஸிஸ் எண்ணைச் சொல்லி, அந்த எஞ்சினுக்கு இலவசத் திருத்தமோ செலவுப் பங்கீடோ நிலுவையில் இருக்கிறதா என்று கேளுங்கள். கொண்டுபோவது நாலு சக்கரமும் மேலே ஏறும் தட்டு ரெக்கவரி வண்டியில்தான்; ஃபோர் வீல் டிரைவ் வண்டியை முன்சக்கரம் தூக்கிக் களியக்காவிளை வழியாக இழுத்துக்கொண்டு போனால் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் செலவு சேரும்.

பழைய எஞ்சின் மாற்றுவது கடைசி வழி. சென்னை புதுப்பேட்டைப் பழைய பாகச் சந்தையில் இருந்து வரும் எஞ்சினுக்கும் அதே செயின், அதே வயது. போடுவதானால் தரையில் இருக்கும்போதே புதுச் செயின் போட்டு ஏற்றுங்கள். அப்போது பின்பக்கச் செயின்கூட எளிது. எஞ்சின் எண் மாறுவதை ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சியில் பதிய வேண்டும். பதியாத வண்டியை விற்கவும் முடியாது, விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல்.

எந்த வழியில் மாற்றினாலும் முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் ஒருமுறை மாற்றுங்கள். அந்த ஃபில்டரையும் அறுத்துப் பாருங்கள். பழைய கைடின் மிச்சத் துகள், சிலிக்கான் துணுக்கு ஏதும் சுற்றிவந்திருந்தால் அதில் தெரியும். வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு வருடத்தில் ஒரு மாதம் மட்டும் வண்டி எடுப்பவர்கள், ஓடிய கிலோமீட்டரைப் பார்க்காமல் வருடம் ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்லிவிட்டுப் போங்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் டென்ஷனரில் இருந்த ஆயில் வடிந்திருக்கும்; ஸ்டார்ட் ஆனதும் அரை நிமிடம் ஐடிலில் ஓடட்டும், ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வேண்டாம்.